பழைய மேனுவல் லென்ஸ், புதிய கேமரா: எதை எதோடு சேர்ப்பது?

பழைய மேனுவல் லென்ஸ், அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ், வாங்கலாமா என்று கேட்பவர்களில் பலர் எந்த லென்ஸ் என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஹீலியோஸ் 44-2 எடுக்கட்டுமா, சூப்பர் டகுமார் எடுக்கட்டுமா, கேனன் எஃப்டி எடுக்கட்டுமா என்று நேராக அங்கேதான் போவார்கள். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. எதற்காக வாங்குகிறோம், எந்தப் பாடியில் (கேமராவில்) மாட்டப்போகிறோம், லென்ஸைக் கேமராவோடு பூட்டும் எந்த மவுண்டைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறோம் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், லென்ஸ் பட்டியல் தானாகவே இரண்டு மூன்றுக்குள் சுருங்கிவிடும். தலைகீழாகப் போனால் பேர்பெற்ற லென்ஸ் ஒன்று கையில் இருக்கும், ஆனால் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்த குணம் உங்கள் கேமராவில் தெரியவே தெரியாது. ஹீலியோஸ் வாங்கி சின்ன சென்சாரில் மாட்டிவிட்டு “சுழல் எங்கே?” என்று, பின்புலம் சுழல்வதுபோலத் தெரியும் அதன் பேர்பெற்ற குணத்தைத் தேடுபவர்கள் நிறைய. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், எதற்காக. “காசு மிச்சமாகும்” என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எல்லாவற்றிலும் பலவீனமான காரணமும் அதுதான். கேனன் ஆர்எஃப், சோனி எஃப்இ, நிக்கான் இசட் என்ற இன்றைய வரிசைகள் மூன்றிலும் ஆட்டோஃபோகஸ் 50 மி.மீ. எஃப்/1.8 இருக்கிறது, கேனனும் சோனியும் விற்பவை அவரவர் வரிசையில் விலை குறைந்தவை. அபர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, முழுக்கத் திறந்து வைத்து வெறும் கூர்மையை மட்டும் பார்த்தால், 1970களின் 50 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் இவற்றிடம் தோற்கும், ஓரங்களில் இன்னும் மோசமாகத் தோற்கும். எஃப்/5.6, எஃப்/8-க்கு மூடினால் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும், சரி. ஆனால் அந்த அபர்ச்சரில் எல்லா லென்ஸும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் படம் தரும், அப்புறம் பழையதை எதற்குச் சுமக்க வேண்டும்? அதோடு அடாப்டர், பொருந்தும் ஹூட், பின்மூடி, உள்ளே கிரீஸ் காய்ந்திருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி எல்லாம் சேரும். மிச்சம் பிடிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் புது 50 எஃப்/1.8-ஐ வாங்கிவிட்டு இதை இத்தோடு மூடிவிடலாம். ஓடுகிற குழந்தை, விளையாட்டு, திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சி இவற்றுக்கும் அதே பதில்.

வலுவான காரணங்கள் இரண்டு. ஒன்று, படத்தின் குணம். பழைய லென்ஸின் அழகு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதன் குறைகளைத்தான். வெளிச்ச விளிம்புகளைச் சுற்றி மெல்லிய ஒளிப்படலம் வருவது கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே புள்ளியில் குவியாத குறை) முழுக்கத் திருத்தப்படாததால். பின்புலத்தில் இலைகள் வட்டமாகச் சுழல்வதுபோலத் தெரிவது, ஓரங்களில் ஒளிக்கற்றையை லென்ஸின் குழலே பாதி வெட்டிவிடுவதாலும் ஓரத்துப் பிறழ்ச்சிகளாலும். எதிர்வெயிலில் நிழல்கள் வெளுத்துப்போவது கண்ணாடிகள் மேல் ஒற்றைப் பூச்சு மட்டும் இருப்பதால். இதெல்லாம் பின்னால் கணினியில் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். வெளுப்பை ஓரளவு போடலாம். ஆனால் பின்புலத்தின் மங்கல் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில், ஃபிரேமின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. அதைப் பிறகு வரவழைப்பது சிரமம், வந்தாலும் ஒட்டவைத்ததுபோல் இருக்கும்.

இரண்டாவது காரணம் கை. பழைய லென்ஸின் ஃபோகஸ் வளையம் உலோகத் திருகில் ஓடுகிறது. இந்தப் பக்கம் ஒரு முட்டு, அந்தப் பக்கம் ஒரு முட்டு, நடுவில் தூரங்கள் பொறித்திருக்கும், பல லென்ஸ்களில் பாதி வட்டத்துக்கும் மேலாகவே சுற்றலாம். இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் வளையம் மோட்டாருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். முட்டு இல்லை, பல மாடல்களில் எவ்வளவு வேகமாகத் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்துத் தூரமே மாறும். கையால் ஃபோகஸ் செய்வதை விரும்புகிறவருக்கு இது பெரிய விஷயம், வீடியோ எடுப்பவருக்கு இன்னும் பெரிய விஷயம்.

இந்த இரண்டாவது காரணம் மட்டும்தான் உங்களுடையது என்றால், பழையதைத் தேடாமல் புதிதாகவே மேனுவல் லென்ஸ் வாங்கலாம் என்ற வழியும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கோசினா நிறுவனம் 1999 முதல் ஃபோக்ட்லாண்டர் பெயரில் மேனுவல் லென்ஸ்களைச் செய்துவருகிறது. சோனி இ மவுண்டுக்கென்றே வந்த 40 மி.மீ. எஃப்/1.2 நோக்டன், 65 மி.மீ. எஃப்/2 மேக்ரோ அப்போ-லாந்தார் போன்றவற்றில் மின் தொடர்பு உண்டு. வளையத்தைத் தொட்டதும் வியூஃபைண்டரில் படம் தானாகப் பெரிதாகும். எந்த அபர்ச்சரில் எடுத்தோம் என்பது கோப்பில் பதிவாகும். நடுக்கத் தடுப்புக்கு ஃபோக்கல் நீளத்தை (லென்ஸின் 40 மி.மீ., 50 மி.மீ. என்ற எண்ணை) நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு மாதம் பழைய லென்ஸோடு சுற்றிப் பார்த்தால்தான் இவற்றின் அருமை புரியும். டிடிஆர்ட்டிசன், 7ஆர்ட்டிசன்ஸ் மாதிரி விலை குறைந்த சீன லென்ஸ்களில் பெரும்பாலும் இந்த மின் தொடர்பு கிடையாது. பயன்படுத்தும் விதத்தில் அவை பழைய லென்ஸ் மாதிரியேதான், ஆனால் பூஞ்சையும் காய்ந்த கிரீஸும் இருக்காது, அடாப்டரும் வேண்டாம். ஏபிஎஸ்-சி எனப்படும் சின்ன சென்சார் கேமராவில் அகலக் கோண மேனுவல் லென்ஸ் வேண்டுமென்றால் என் கை இவற்றுக்குத்தான் போகும், பழையதுக்கு இல்லை. ஏன் என்பது அடுத்த பகுதியில் வரும்.

பாடி: இதுதான் பெரும்பாலானதைத் தீர்மானிக்கிறது

லென்ஸ் மவுண்டின் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் அல்லது சென்சாருக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட இடைவெளி இருக்கும். எம்42 திருகு மவுண்டில் அது 45.46 மி.மீ., நிக்கான் எஃப்-இல் 46.5, ஒலிம்பஸ் ஓஎம்-இல் 46, மினோல்டாவில் 43.5, கேனன் எஃப்டி-யில் 42. இந்த இடைவெளியைச் சரியாகக் கொடுத்தால்தான் தொலைவில் இருக்கும் மலையும் நிலாவும் ஃபோகஸ் ஆகும். பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் உள்ளே மிரர் (பிரதிபலிக்கும் கண்ணாடி) எழும்பி விழ இடம் வேண்டியிருந்ததால் இவ்வளவு தூரம். மிரர்லெஸ்ஸில் அந்த மிரர் இல்லை: சோனி இ 18 மி.மீ., நிக்கான் இசட் 16, கேனன் ஆர்எஃப் 20, ஃபுஜி எக்ஸ் 17.7. அதாவது எம்42 லென்ஸைச் சோனியில் மாட்ட 27 மி.மீ. சொச்சம் நீளமுள்ள ஒரு வெற்றுக் குழாய் போதும். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் வேண்டாம், கிட்டத்தட்ட எந்தப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸும் எந்த மிரர்லெஸ்ஸிலும் மாட்டும்.

டிஎஸ்எல்ஆரில், அதாவது மிரர் உள்ள டிஜிட்டல் கேமராவில், கதை வேறு. கேனன் இஎஃப் மவுண்டின் இடைவெளி 44 மி.மீ. அதனால் எம்42, நிக்கான் எஃப், ஓஎம், பென்டாக்ஸ் கே, காண்டாக்ஸ்/யாஷிகா எல்லாம் மெல்லிய வளையத்தோடு மாட்டும். மினோல்டாவும் எஃப்டி-யும் மாட்டாது. கேனன் பாடியிலேயே பழைய கேனன் லென்ஸ் மாட்டாது என்பது 1987-இல் அவர்கள் இஎஃப்-க்கு மாறியதன் விளைவு. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் இடைவெளி இன்னும் அதிகம், ஆகவே வேறு நிறுவன லென்ஸ் மாட்டுவது ஏறக்குறைய வீண். நடுவில் திருத்தும் கண்ணாடி வைத்த அடாப்டர் இருக்கிறதே என்றால், இருக்கிறது. லென்ஸின் குணத்துக்காக இவ்வளவும் செய்துவிட்டு அதன் பின்னால் மலிவுக் கண்ணாடி ஒன்றைச் செருகுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டிஎஸ்எல்ஆரின் பெரிய சிக்கல் மவுண்ட்கூட இல்லை, வியூஃபைண்டர்தான். ஆட்டோஃபோகஸ் காலத்து ஃபோகஸ் திரைகள் மெதுவான (அபர்ச்சர் பெரிதாகத் திறக்காத) ஜூம் லென்ஸிலும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று செய்யப்பட்டவை, எஃப்/1.4 லென்ஸ் மாட்டினாலும் கண்ணுக்குத் தெரியும் ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாக இருக்கும் தூரம்) ஏறத்தாழ எஃப்/2.8 லென்ஸுக்கு உரியதுதான். வியூஃபைண்டரில் கூர்மையாகத் தெரிந்த கண், படத்தில் கூர்மையாக இருக்காது. கேனன் 5டி மார்க் 2, 6டி போன்றவற்றில் திரையை மாற்றலாம், மற்றவற்றில் லைவ் வியூவைப் போட்டுப் பின்திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். முக்காலியில் வைத்து எடுப்பவருக்கு அது போதும். கேனன் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: சில பழைய லென்ஸ்களின் பின்பகுதி மிரரில் இடிக்கும், மாட்டும் முன் அந்த லென்ஸ் அந்த பாடியில் இடிக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

டிஎஸ்எல்ஆரிலேயே இருந்தாக வேண்டும் என்றால் பென்டாக்ஸ்தான் விதிவிலக்கு. 1975-இல் வந்த கே மவுண்ட் லென்ஸ் இன்றைய பென்டாக்ஸில் அப்படியே ஏறும், எம்42-க்கு ஒரு சின்ன வளையம் போதும், நடுக்கத் தடுப்பு பாடியிலேயே இருப்பதால் எல்லா லென்ஸுக்கும் கிடைக்கும். நிக்கானில் 1977-க்குப் பிந்தைய ஏஐ லென்ஸ்கள் (தங்கள் அபர்ச்சரைப் பாடிக்குத் தெரிவிக்கும் வகை) பரவாயில்லை. டி7000 போன்ற மேல்வரிசை பாடிகள் அவற்றோடு மீட்டரிங் செய்யும், அதாவது வெளிச்சத்தை அளக்கும்; டி3000, டி5000 வரிசையில் மாட்டும், ஆனால் மீட்டர் வேலை செய்யாது. ஏஐ-க்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத லென்ஸை டி7000 மாதிரியான பாடியில் அழுத்தித் திருகாதீர்கள், மவுண்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கு உடையும்.

அடுத்தது சென்சார் அளவு. 50 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி-யில் 75 மாதிரி, அதைவிடச் சின்ன சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 மாதிரி கோணம் தரும் என்பது தெரிந்ததே. தெரியாமல் போவது இதுதான்: பழைய லென்ஸின் குணம் பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கிறது. சுழல், ஓரத்துப் பூனைக்கண் வெளிச்சப் புள்ளிகள், மூலைகள் மெல்ல இருண்டுபோவது எல்லாம் ஃபுல் ஃபிரேமின் வெளி வட்டத்தில். சின்ன சென்சார் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. ஹீலியோஸ் ஏபிஎஸ்-சி-யில் ஒரு சாதாரண, கொஞ்சம் மென்மையான 87 மி.மீ. போர்ட்ரெய்ட் லென்ஸாக ஆகிவிடும். அது கெட்டது என்று சொல்லவில்லை. முகம் எடுக்க அருமையாகவே இருக்கும். ஆனால் சுழலுக்காக வாங்கியவர் ஏமாந்துபோவார்.

சின்ன சென்சாரில் இன்னொரு இழப்பு அகலக் கோணம். பழைய 28 மி.மீ. லென்ஸ் 42 ஆகிவிடும், உண்மையான அகலம் வேண்டுமென்றால் 20-க்குக் கீழே போக வேண்டும், அந்த நீளத்தில் பழைய லென்ஸ்கள் பெரியவை, அரியவை, விலைக்கு ஏற்ற தரம் இல்லாதவை. இதனால்தான் அகலத்துக்குப் புது லென்ஸ் என்றேன். ஃபுல் ஃபிரேமிலும் அகலக் கோணம் பழையதில் எனக்குப் பெரிதாகப் பிடித்ததில்லை; 24, 28 மி.மீ.யில் புதிய வடிவமைப்புகள் கண்ட முன்னேற்றம் 50, 85, 135-இல் கண்டதைவிட ரொம்ப அதிகம்.

ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நடுவழி, ஃபோக்கல் ரெட்யூசர். அடாப்டருக்குள்ளேயே ஒரு கண்ணாடித் தொகுதி இருந்து, லென்ஸின் படத்தைச் சுருக்கிச் சின்ன சென்சாரில் விழவைக்கும். மெட்டாபோன்ஸ் 2013-இல் கொண்டுவந்த ஸ்பீட் பூஸ்டர்தான் இதைப் பரவலாக்கியது, ஜோங்யீ நிறுவனத்தின் லென்ஸ் டர்போ அதைவிட மலிவு. வழக்கமான அளவு 0.71 மடங்கு: 58 மி.மீ. எஃப்/2 லென்ஸ் 41 மி.மீ. எஃப்/1.4 ஆகும், ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கூடும், ஃபுல் ஃபிரேம் கோணம் ஏறக்குறைய திரும்ப வந்துவிடும், சுழலும் கூடவே வரும். மேலே நடுவில் கண்ணாடி செருகுவதைத் திட்டியவன் இதை ஏன் பரிந்துரைக்கிறேன் என்றால், இது படத்தைச் சுருக்குகிறது, திருத்தும் கண்ணாடி பொதுவாகப் பெரிதாக்குகிறது. சுருக்கும்போது லென்ஸின் பிறழ்ச்சிகளும் சேர்ந்து சுருங்குகின்றன. மூலைகளில் கொஞ்சம் விலை கொடுக்கத்தான் வேண்டும், மலிவானதில் எதிர்வெயிலில் நடுவே நீலப் பொட்டும் வரலாம். ஒரே மவுண்டில் மூன்று நான்கு லென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்றால் ரெட்யூசர் லாபம். ஒரே ஒரு லென்ஸுக்காக என்றால் சாதாரண அடாப்டர் போதும்.

ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸை இதற்காகவே பயன்படுத்திய நிலையில் வாங்கப்போகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், பாடியில் நடுக்கத் தடுப்பு இருக்க வேண்டும். சோனியில் 2013-இல் வந்த முதல் ஏ7-இல் அது இல்லை, 2014-இன் ஏ7 மார்க் 2-இல் வந்தது. படம் எடுக்கையில் நடுங்காமல் இருக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 135 மி.மீ. லென்ஸில் வியூஃபைண்டரைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்கும்போது, தடுப்பு இல்லையென்றால் படம் ஆடுகிற ஆட்டத்தில் எதுவும் பார்க்க முடியாது. மெனுவில் ஃபோக்கல் நீளத்தை நாமே கொடுக்க வேண்டும். லென்ஸில் பொறித்திருக்கும் உண்மையான எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், 1.5-ஆல் பெருக்கிய எண்ணை அல்ல.

உள்ளே மிரர் இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் லென்ஸ்கள், அதாவது லைக்கா எம், எல்39 திருகு, ஜூபிட்டர் வகைகள், தனிக் கதை. இவற்றில் அகலமான, பின்கண்ணாடி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் வகை லென்ஸ்கள் ஒளியை ஓரங்களில் மிகச் சாய்வாக அனுப்பும். சோனி சென்சார்களின் முன்னால் சுமார் 2 மி.மீ. தடிமனில் கண்ணாடி அடுக்கு இருக்கிறது, லைக்காவின் எம் கேமராக்களில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் லைக்காவில் நன்றாக இருக்கும் 35 மி.மீ. சோனியின் ஓரங்களில் குழம்பிப் போகும். 50-க்கு மேல் போனால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. நிக்கான் இசட் பாடிகளின் அடுக்கு சோனியைவிட மெல்லியது, ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்தான் ஆசை என்றால் அது ஒரு காரணம். மேனுவல் லென்ஸுக்கென்று டெக்கார்ட் செய்யும் ஆட்டோஃபோகஸ் அடாப்டரும் லைக்கா எம் லென்ஸைத்தான் ஏற்கிறது. லென்ஸ் முழுவதையும் முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்யும் வேடிக்கையான பொருள் அது. கையால் ஃபோகஸ் செய்யும் சுகத்துக்காக வந்தவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கண் பார்வை ஒத்துழைக்காதவர்களுக்குப் பயன்படும்.

அடாப்டர்

சுருக்கமாகச் சொல்கிறேன். விலை அதிகமானது எப்போதும் தேவையில்லை, ஆனால் மிக மலிவானதில் மூன்று குறை வரும்: லென்ஸ் ஆடும், இன்ஃபினிட்டி (மலை, நிலா போன்ற தொலைவுக்கான ஃபோகஸ்) சரியாக வராது, உட்சுவர் பளபளப்பாக இருந்து படத்தின் நடுவில் வெளுத்த திட்டு விழும். இன்ஃபினிட்டியைத் தாண்டிவிடக் கூடாது என்று பலர் கவலைப்படுகிறார்கள். உற்பத்தியாளர்கள் வேண்டுமென்றே அடாப்டரைக் கொஞ்சம் குட்டையாகச் செய்கிறார்கள், தாண்டினால் பரவாயில்லை, எட்டாமல் போனால்தான் தொல்லை. எம்42-க்கு வாங்கும்போது உள்ளே விளிம்பு உள்ள வகையா என்று பாருங்கள். ஆட்டோ அபர்ச்சர் லென்ஸ்களின் பின்னால் ஒரு குச்சி இருக்கும், அது அழுந்தினால்தான் பிளேடுகள் மூடும்; மேனுவலுக்கு மாற்றும் சுவிட்ச் இல்லாத லென்ஸை விளிம்பில்லாத அடாப்டரில் மாட்டினால் அபர்ச்சர் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் முழுக்கத் திறந்தே இருக்கும், லென்ஸ் பழுது என்று நினைத்துக்கொள்வோம். எஃப்டி அடாப்டரில் இதற்கென்று திறக்கும்-பூட்டும் வளையம் தனியாக உண்டு.

எந்த மவுண்ட்

இதில் என் கருத்து பிடிவாதமானது: ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். நிக்கானில் ஃபோகஸ் வளையம் ஒரு பக்கம் திரும்பும், கேனனில் எதிர்ப்பக்கம். ஓஎம் லென்ஸ்களில் அபர்ச்சர் வளையம் முன்நுனியில் இருக்கும், மற்ற பலவற்றில் பாடிக்குப் பக்கத்தில். மூன்று மவுண்ட் கலந்து வைத்திருந்தால் கை எதையும் பழகாது, ஒவ்வொரு முறையும் கண்ணை எடுத்து லென்ஸைப் பார்க்க வேண்டும்.

மிரர்லெஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு எஃப்டி-யும் மினோல்டாவும் நல்ல தேர்வு. டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது என்பதால் இவை நீண்ட காலம் தேடுவாரற்றுக் கிடந்தன. மிரர்லெஸ் வந்தபிறகு விலை ஏறினாலும் தரத்தோடு ஒப்பிட்டால் இன்னும் நியாயம். எஃப்டி 1971-இல் வந்தது, கடைசிக் கால புதிய எஃப்டி வரிசை எடை குறைந்தது, அதன் 50 எஃப்/1.4 லென்ஸ், எஃப்/2.8-க்கு மூடியதிலிருந்து, இன்றைக்கும் எதற்கும் குறைந்ததல்ல. மினோல்டாவின் ரோக்கர்கள் வளையம் திருப்பும் சுகத்தில் எனக்கு முதலிடம். ஓஎம் சின்னது, பெரும்பாலான லென்ஸ்களுக்கு ஒரே 49 மி.மீ. ஃபில்டர் போதும், பயணம் போகிறவருக்கு அதுதான். நிக்கான் எஃப் உறுதியானது, எங்கும் கிடைக்கும், நாளைக்கு எந்த பாடிக்கு மாறினாலும் மாட்டும், ஆனால் பழுதில்லாத ஒன்றுக்கு விலை இறங்குவதே இல்லை. 105 மி.மீ. எஃப்/2.5 மட்டும் எந்த விலைக்கும் தகும்.

குணத்துக்காக வருகிறவர்களுக்கு எம்42. கிழக்கு ஜெர்மனி, சோவியத், ஜப்பான் மூன்றும் செய்த மவுண்ட் அது, 1949-இன் காண்டாக்ஸ் எஸ்-இலிருந்து தொடங்குகிறது. ட்ரையோபிளான் 100-இன் சோப்புக் குமிழ்கள், ஹீலியோஸின் சுழல், பதினைந்து பிளேடு உள்ள பழைய பென்டகான் 135-இன் வட்ட வெளிச்சங்கள் எல்லாம் இதில்தான். திருகு மவுண்ட் என்பதால் மாற்ற நேரமாகும். லென்ஸுக்கு லென்ஸ் தரம் மாறும். சோவியத் லென்ஸ்களில் ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் இரண்டும் வேறு வேறு மாதிரி இருப்பது சாதாரணம்.

ஃபோகஸ் பீக்கிங்கை நம்பலாமா

பாதிதான் நம்பலாம். பீக்கிங் என்பது கூர்மையைக் கண்டுபிடிப்பதில்லை, மாறுபாடு அதிகமுள்ள விளிம்புகளுக்கு நிறம் பூசுகிறது, அவ்வளவுதான். 50 மி.மீ. எஃப்/1.4-இல் ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 3 செ.மீ. இமை, புருவம், மூக்கு நுனி எல்லாம் ஒன்றாகச் சிவப்பாக மின்னும், படத்தில் இவற்றில் ஒன்றுதான் கூர்மையாக இருக்கும். பழைய லென்ஸ்கள் முழுத் திறப்பில் மாறுபாடு குறைந்தவை என்பதால் சில நேரம் சரியான ஃபோகஸிலும் மின்னாது. கிட்டே வருவதற்குப் பீக்கிங், முடிவு செய்வதற்குப் பெரிதாக்கல் என்று பிரித்துக்கொள்வதுதான் வேலைக்கு ஆகும். பெரிதாக்கும் பொத்தானைக் கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அபர்ச்சரை மூடியபிறகு ஃபோகஸ் செய்வதா, திறந்து செய்துவிட்டு மூடுவதா என்பது மிரர்லெஸ்ஸில் தினமும் வரும் கேள்வி. எஃப்/8-இல் வைத்தே ஃபோகஸ் செய்தால் முன்னும் பின்னும் எல்லாம் கூர்மையாகத் தெரிவதால் உச்சம் எது என்று தெரியாது. திறந்து செய்துவிட்டு மூடினால், எஃப்/1.4, எஃப்/1.2 லென்ஸ்கள் சிலவற்றில் மூடும்போது ஃபோகஸ் லேசாகப் பின்னால் நகரும். என் வழக்கம்: எஃப்/2.8 வரை எடுக்கும் அபர்ச்சரிலேயே, அதற்கு மேல் மூடுவதென்றால் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு மூடுவது. ஹீலியோஸ் 44-2 மாதிரி அபர்ச்சரை முன்கூட்டியே அமைத்து வைக்கும் வகை லென்ஸ்களில் இது கண்ணை எடுக்காமலே நடக்கும், ஒரு வளையத்தில் எஃப்/5.6 என்று நிறுத்தி வைத்துவிட்டு இன்னொன்றை முட்டும்வரை திருப்பினால் போதும். அந்த இரண்டாவது வளையத்தில் டக் டக் என்ற நிறுத்தங்களும் இல்லாததால் வீடியோவுக்கும் உதவும்.

வெயிலில் முழுத் திறப்பில் எடுக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ஷட்டரின் முன்திரையை மின்னணுவாக வைத்திருந்தால் 1/2000-க்கு மேல் வேகம் போகையில் பின்புல வெளிச்ச வட்டங்கள் வெட்டுப்பட்டதுபோல் ஆகலாம், வெளிச்சம் சீராக விழாமலும் போகலாம். முழு மெக்கானிக்கலுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி லென்ஸ்

பொருளின் நிலை பேரைவிட முக்கியம். டார்ச் வெளிச்சத்தைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தால் எந்தப் பழைய லென்ஸும் பயங்கரமாகத்தான் தெரியும். தூசியைப் பொருட்படுத்த வேண்டாம், முன்கண்ணாடியில் ஒன்றிரண்டு கீறலும் பரவாயில்லை. பால் படர்ந்ததுபோல் மங்கல், சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சை, ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்து வானவில் காட்டுவது, இந்த மூன்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பூஞ்சையைத் துடைத்தாலும் பூச்சை அரித்திருந்தால் தடம் நிற்கும். பிளேடில் எண்ணெய் இருப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். டிஎஸ்எல்ஆரில் சொந்த மவுண்ட் லென்ஸ் என்றால் படம் எடுக்கும் நொடியில் பிளேடு மின்னல் வேகத்தில் மூட வேண்டும். மிரர்லெஸ்ஸில் நாம் முன்னாலேயே மூடிவிடுவதால் கொஞ்சம் மந்தமானாலும் படம் கெடாது, ஒட்டிக்கொள்ளாத வரைக்கும்.

டகுமார் 50 எஃப்/1.4-இன் ஏழு கண்ணாடி வகைகளில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, வயதாகி மஞ்சளாகும். சில நாள் புற ஊதா விளக்கில் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். கேமராவில் மாட்டிப் பயன்படுத்துவதில் கதிர்வீச்சு பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதைப் பிரித்துக் கண்ணாடியைத் தேய்க்க வேண்டாம், கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் லென்ஸாகவும் மாற்ற வேண்டாம். மஞ்சள் பிடித்ததை விலை குறைத்துக் கேட்டு வாங்குவது நல்ல வியாபாரம்.

ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் வைத்திருந்து முதல் லென்ஸ் வாங்குகிறவர் என்னைக் கேட்டால், ஹீலியோஸ் சொல்ல மாட்டேன். அது ஒரே ஒரு வித்தைதான் காட்டும், இலைகள் நிறைந்த பின்புலமும் சரியான தூரமும் அமைந்தால் அற்புதம், மற்ற நேரம் சுமார். ரோக்கர் அல்லது எஃப்டி 50 எஃப்/1.4 வாங்குங்கள். முழுக்கத் திறந்தால் லேசான ஒளிப்படலத்தோடு பழைய லென்ஸ், எஃப்/4-க்கு மூடினால் இன்றைய லென்ஸ், ஒரே பொருளில் இரண்டும் கிடைக்கும். சுழல் பிடித்துப்போனால் ஹீலியோஸ் இரண்டாவதாக வரட்டும், அதற்கு எம்42 அடாப்டர் தனியாக வாங்க வேண்டியிருந்தாலும்.

ஏபிஎஸ்-சி-க்கு 50 எஃப்/1.8 அல்லது 1.7 எதுவானாலும் சரி, எஃப்/1.4-க்குக் கூடுதல் விலை கொடுப்பது அங்கே அவ்வளவாகப் பலிக்காது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ஆட்களுக்கு என் பரிந்துரை 50 அல்ல, மேக்ரோ: நிக்கான் 55 எஃப்/3.5 மைக்ரோ போன்ற பழைய மேக்ரோ லென்ஸ்கள் நடுப்பகுதியில் அபாரக் கூர்மை, பூச்சியையும் பூவையும் எடுக்க எப்படியும் கையால்தான் ஃபோகஸ் செய்யப்போகிறோம். டிஎஸ்எல்ஆரை விடாதவர்களுக்கு எஃப்/2.8-க்கு மெதுவான 135. ஆழம் சற்று அதிகம் என்பதால் அந்த வியூஃபைண்டரிலும் சமாளிக்கலாம். 135 எஃப்/3.5 எந்த மவுண்டிலும் மலிவாகக் கிடைக்கும், அந்தக் காலத்தில் 50-க்கு அடுத்து எல்லோரும் வாங்கிய லென்ஸ் அது. ஜூம்களில் மினோல்டா எம்டி 35-70 எஃப்/3.5-ஐயும் கேனன் எஃப்டி 80-200 எஃப்/4 எல்-ஐயும் தவிர வேறு எதையும் நான் தேடிப் போகமாட்டேன்.